ஆழம் கண்ட அறிஞர்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையின் அடிவாரத்தில், நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி என்னும் சிற்றூர் உள்ளது. மலைப்பாதை அவ்வூரில் தொடங்கி எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே செல்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் அம்மலையைக் காரவள்ளியில் நின்று அண்ணாந்து நோக்குவோர் அதன் உயரத்தை வியவாதிரார். ஆயின், அம்மலையைத் தலைகீழாக நிலத்தினுள் இறக்கினாலும் அடி காண முடியாத ஆழத்தில் மக்கள் நாள்தோறும் இறங்கி உழைத்த இடம் ஒன்று தென்னாட்டில் இருந்தது. அதுவே கோலார் தங்கவயல். அங்குள்ள சுரங்கங்களுள் ஒன்று மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. பொன்னுக்காகத் தோண்டிய அந்த ஆழத்தில், பொன்னினும் அரிய உண்மைகளைத் தேடலாம் என்று கருதி இளைஞர்களை அனுப்பிய அறிஞர் ஒருவர் இருந்தார். அவரே ஹோமி ஜஹாங்கீர் பாபா.

பிறப்பும் இளமையும்

பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் பம்பாய் நகரில் பார்சிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் ஜஹாங்கீர், வழக்கறிஞர்; தாயார் மெஹர்பாய். பாட்டனார் மைசூர் நாட்டில் கல்வித் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். ஆதலின் வீட்டில் நூல்களுக்குக் குறைவில்லை. சிறுவர் பாபா அந்நூல்களிடையே வளர்ந்தார். இசையும் ஓவியமும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. மேலை நாட்டு இசைமேதைகளின் இசைத்தட்டுகளை இடைவிடாது கேட்டு மகிழ்வார். தூரிகை எடுத்து ஓவியம் தீட்டுவார். இவ்விரு கலைகளிலும் அவர் கொண்ட பற்று இறுதிவரை குறையவில்லை.

அவருடைய அத்தை, தொழிலதிபர் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் மகனாகிய சர் தோராப்ஜி டாட்டாவின் மனைவியார். டாட்டா குடும்பத்தினர் ஜாம்ஷெட்பூரில் பெரிய எஃகு ஆலையை நடத்தி வந்தனர். பாபா பொறியியல் கற்றுத் திரும்பி அவ்வாலையில் பணி ஏற்க வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அவ்விருப்பத்திற்கிணங்க 1927இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார்.

தந்தையும் மகனும்

கேம்பிரிட்ஜ் அந்நாளில் இயற்பியலின் தலைநகராக விளங்கியது. அணுவின் உள்ளமைப்பைப் பற்றிய புதிய கருத்துகள் அங்கே நாள்தோறும் பிறந்துகொண்டிருந்தன. அவற்றைக் கேட்ட பாபாவின் உள்ளம் பொறியியலில் நிலைக்கவில்லை. இயற்பியலே தமக்குரிய துறை என்பதைத் தெளிந்த அவர், அதனை மறைக்காமல் தந்தையாருக்கு எழுதினார். அவர் தந்தையாரை எதிர்த்துக் கல்வியைக் கைவிட்டாரல்லர். தம் விருப்பத்தை அடக்கிக்கொண்டு வாளா இருந்தாரும் அல்லர். தந்தையாரும் மகனின் ஆர்வத்தை இகழவில்லை. பொறியியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினால், மேலும் தங்கிக் கணிதம் பயில உதவுவதாக அவர் உறுதி கூறினார்.

பாபா அவ்வுறுதியைப் பற்றுக்கோடாகக் கொண்டு உழைத்தார். 1930இல் பொறியியலில் முதல் வகுப்புப் பெற்றார். தந்தையாரும் தம் சொல்லைக் காத்தார். 1932இல் கணிதத்திலும் முதல் வகுப்பில் தேறிய பாபா, தம் உள்ளம் விரும்பிய ஆராய்ச்சியில் இறங்கினார். மனம் இல்லாது கற்ற பொறியியலும் வீண்போகவில்லை. பிற்காலத்தில் ஆய்வகங்களையும் அணு உலைகளையும் கட்டி எழுப்பியபோது அக்கல்வி அவருக்குப் பெரிதும் துணை நின்றது.

விண்கதிர் ஆராய்ச்சி

பாபா தேர்ந்துகொண்ட துறை விண்கதிர் ஆராய்ச்சி. விண்வெளியிலிருந்து மிக்க ஆற்றலுடைய துகள்கள் இரவு பகலாக மண்ணுலகின்மேல் பொழிகின்றன. அவை காற்றுமண்டலத்தின் மேற்பகுதியில் மோதிப் புதிய துகள்களைப் பிறப்பிக்கின்றன. அவ்வாறு பிறந்த துகள்களுள் சில நிலம்வரை வந்து சேர்கின்றன. விரித்த உள்ளங்கையின் வழியே வினாடிக்கு ஏறத்தாழ ஒரு துகள் ஊடுருவிச் செல்கிறது. கண் அதனைக் காண்பதில்லை. உடல் அதனை உணர்வதும் இல்லை.

1937இல் பாபா, ஹைட்லர் என்னும் அறிஞருடன் சேர்ந்து விண்கதிர்ப் பொழிவின் இயல்பை விளக்கினார். ஆற்றல் மிக்க ஓர் எலெக்ட்ரான் காற்றில் பாயும்போது ஒளித்துகளை வெளியிடுகிறது. அவ்வொளித்துகள் இரண்டு துகள்களாகப் பிரிகிறது. அவை மீண்டும் ஒளித்துகள்களைத் தருகின்றன. இவ்வாறு ஒன்று பலவாகப் பெருகிப் பொழிகின்றது. ஆயினும் இவ்வகைப் பொழிவு தடித்த ஈயத்திலும் பாறையிலும் விரைவில் அடங்கிவிட வேண்டும். விண்கதிர்களில் ஒரு பகுதியோ பாறையையும் துளைத்துச் சென்றது. அது எலெக்ட்ரானினும் கனமான வேறொரு துகளாக இருத்தல் வேண்டும் என்ற முடிவிற்குப் பாபாவின் கணக்குகள் வழிகாட்டின. அத்துகளே இன்று மியூவான் எனப்படுவது. அது பிறந்து ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு நேரத்திலேயே அழியக்கூடியது. அத்துணைக் குறுகிய வாழ்நாள் உடையது மேற்காற்றிலிருந்து நிலம்வரை எவ்வாறு வந்து சேர்கிறது? மிக விரைந்து செல்லும் துகளின் வாழ்நாள் நமக்கு நீண்டு தோன்றும் என்ற ஐன்ஸ்டைனின் கொள்கைக்கு இவ்வகைத் துகள்களே சான்றாகலாம் என்பதைப் பாபா 1938இலேயே சுட்டிக்காட்டினார்.

தாயகத்தில் தங்குதல்

1939இல் விடுமுறைக்காகத் தாயகம் வந்திருந்தபோது இரண்டாம் உலகப்போர் மூண்டது. இங்கிலாந்துக்குத் திரும்பும் வழி அடைபட்டது. பாபா பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பணி ஏற்றார். அங்கே இயற்பியல் துறைக்குத் தலைவராக விளங்கியவர் சர் சி. வி. இராமன். 1941இல், முப்பத்தொரு வயது நிறைந்திருந்தபோது, பாபா இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

போர் முடிந்ததும் மேலைநாடு சென்றுவிடலாம் என்பதே தொடக்கத்தில் அவருடைய எண்ணம். ஆயின் நாளடைவில் அவ்வெண்ணம் மாறியது. நல்ல ஆய்வுக்கூடம் இல்லை என்று கூறி அறிவுடையோர் அனைவரும் நாட்டை விட்டுச் சென்றால், அந்நாட்டில் ஆய்வுக்கூடம் எக்காலத்தும் எழாது என்பதை அவர் உணர்ந்தார். 1944இல் தோராப்ஜி டாட்டா அறநிலையத்திற்கு விண்ணப்பம் எழுதி, அடிப்படை ஆராய்ச்சிக்கெனத் தனி நிலையம் ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதன் பயனாக 1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பெங்களூரில் தோன்றி, அவ்வாண்டின் இறுதியில் பம்பாய்க்கு மாறியது.

நிலையத்தை முதலில் கட்டிவிட்டுப் பிறகு ஆட்களைத் தேடுவது அவர் முறையன்று. தக்க மனிதரை முதலில் கண்டு, அவரைச் சுற்றி ஆய்வை வளர்ப்பதே அவர் கொண்ட நெறி. அந்நெறிக்குச் சிறந்த சான்றாவது கோலாரில் நிகழ்ந்த ஆராய்ச்சி.

கோலாரின் ஆழத்தில்

விண்கதிர்களை ஆராய்வோர் முதலில் உயரத்தை நாடினர். பாபாவும் விமானங்களிலும் பலூன்களிலும் கருவிகளை ஏற்றி வானில் அளவெடுக்கச் செய்தார். உதகமண்டலத்தில் நீலகிரியின்மேல் விண்கதிர் ஆய்வகம் ஒன்றும் அமைந்தது. உயரம் ஒருபுறம் இருக்க, ஆழத்தையும் அவர் மறக்கவில்லை. பாறையைத் துளைத்துச் செல்லும் துகள்கள் எத்தனை ஆழம்வரை செல்கின்றன என்பதை அறிய, பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்த் தொலைவில் உள்ள கோலார் தங்கவயல் ஏற்றதோர் இடம் என்று தெளிந்தார். 1951இல் பி. வி. ஸ்ரீகண்டன் என்னும் இளம் ஆய்வாளரை அப்பணிக்கு அனுப்பினார்.

சுரங்கத்தில் இறங்குவது எளிய செயலன்று. இரும்புக் கூண்டில் ஏறி, இருண்ட குழியின் வழியே நெடுந்தொலைவு இறங்க வேண்டும். ஆழம் மிக மிகப் பாறையின் வெப்பமும் மிகும். சில வேளைகளில் அழுத்தம் தாங்காத பாறை திடீரென வெடித்துச் சிதறி உயிர்களைக் குடிக்கும். அவ்விடர்களுக்கிடையே நாள்தோறும் உழைத்த தொழிலாளருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். அவர்கள் பாறையைக் குடைந்து தந்த இடத்திலேதான் ஆய்வாளர் தம் கருவிகளை நிறுத்தினர். அறிவியலின் வரலாற்றில் அத்தொழிலாளரின் பெயர்கள் இடம்பெறவில்லை. எனினும் அவர்தம் உழைப்பின்றி அவ்வரலாறு எழுதப்பட்டிராது.

ஆழம் கூடக் கூட, கருவியில் பதியும் துகள்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய அறிஞர் மியாகேயும் டாட்டா நிலையத்தாரும் ஐந்து ஆழங்களில் அளவெடுத்தனர். அவற்றுள் இறுதியானது 2,760 மீட்டர் ஆழம். கொல்லிமலையைப்போல் இரண்டு மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு பாறை தலைக்குமேல் இருந்தது. அங்கே கருவி இரண்டு திங்கள் காத்திருந்தது. ஒரு துகளும் பதியவில்லை.

ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் மனம் சோர்வது இயல்பு. அறிவியலாரோ அவ்வெறுமையில் ஒரு செல்வத்தைக் கண்டனர். சந்தையின் இரைச்சலில் மெல்லிய குரல் காதில் விழாது. நள்ளிரவின் அமைதியிலோ இலை உதிரும் ஓசையும் கேட்கும். அதுபோல, விண்கதிர்களின் ஆரவாரம் முற்றும் ஓய்ந்த அந்த ஆழமே மிக மெல்லிய செய்தி ஒன்றைக் கேட்பதற்குத் தக்க இடமாயிற்று. அச்செய்தியைத் தாங்கி வருவது நியூட்ரினோ.

நியூட்ரினோ பதிந்தது

நியூட்ரினோ என்பது மின்னேற்றம் இல்லாத மிக நுண்ணிய துகள். கதிரவனிலிருந்து மட்டும் வினாடிக்கு ஏறத்தாழ 6,000 கோடி நியூட்ரினோக்கள் மண்ணுலகின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியேயும் பாய்கின்றன. அவை எப்பொருளையும் தாக்குவது மிக அரிது; மண்ணுலகம் முழுவதையும் துளைத்து மறுபுறம் சென்றுவிடும். விண்கதிர்கள் காற்றில் மோதும்போதும் நியூட்ரினோக்கள் பிறக்கின்றன. அவ்வாறு பிறப்பனவற்றை அதுவரை எவரும் கண்டதில்லை.

1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோலாரின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் புதிய கருவிகள் இயங்கின. டாட்டா நிலையம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் அம்முயற்சியில் கைகோத்தன. இந்தியக் குழுவில் எம். ஜி. கே. மேனனும் ஸ்ரீகண்டனும் முன்னின்றனர். துகள் பட்டால் ஒளிரும் பலகைகளை இரண்டு சுவர்கள்போல் எதிரெதிரே நிறுத்தினர். இடையே ஈயத்தையும், துகள் சென்ற வழியைக் காட்டும் நியான் குழாய்களையும் அமைத்தனர்.

சுவர்களைச் செங்குத்தாக நிறுத்தியதில் ஒரு நுட்பம் இருந்தது. மேலிருந்து வரும் துகள் சிற்சில வேளைகளில் பாறையைத் துளைத்து வந்திருக்கலாம். பக்கவாட்டில் வரும் துகளோ பல கிலோமீட்டர் நீளமுள்ள பாறையைக் கடந்தாக வேண்டும். அஃது எந்த மியூவானாலும் இயலாத செயல். ஆகவே பக்கவாட்டில் ஒரு மியூவான் வந்தால், அருகிலுள்ள பாறையில் ஒரு நியூட்ரினோ மோதியே அது பிறந்திருக்க வேண்டும். அவ்வாறே பக்கவாட்டில் வந்த துகள்கள் கருவியில் பதிந்தன. அதே காலத்தில் தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கம் ஒன்றில் அமெரிக்க அறிஞர் ரெய்ன்ஸும் அவர்தம் குழுவினரும் இத்தகைய துகளைக் கண்டனர். 1965 ஆகஸ்டில் கோலார்க் குழுவினரின் ஆய்வு முடிவு அச்சேறியது. தென்னாப்பிரிக்கக் குழுவினரின் முடிவும் அத்திங்களிலேயே வெளிவந்தது. விடுதலை பெற்றுப் பதினெட்டே ஆண்டுகள் ஆன ஒரு நாடு, உலகின் முன்னணி ஆய்வாளரோடு தோள் இணைந்து நின்றது.

அணு ஆற்றலும் பிற பணிகளும்

கோலார் ஆராய்ச்சி, பாபா ஆற்றிய பணிகளுள் ஒன்றேயாகும். 1948இல் இந்திய அணு ஆற்றல் ஆணையத்தின் முதல் தலைவராக அவர் பொறுப்பேற்றார். பம்பாயை அடுத்த டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையத்தை உருவாக்கினார். அங்கே 1956 ஆகஸ்டில் ஆசியாவின் முதல் அணு உலைகளுள் ஒன்றாகிய அப்சரா இயங்கத் தொடங்கியது. 1955இல் ஜெனிவாவில் அணு ஆற்றலை அமைதிப் பணிகளுக்குப் பயன்படுத்துவது பற்றிக் கூடிய உலக மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார். இத்துணைப் பெரும் பொறுப்புகளுக்கிடையேயும் அவர் அழகுணர்ச்சியை இழக்கவில்லை. கட்டடம் எழுப்பும் இடத்தில் மரங்கள் நின்றால், அவற்றை வெட்டாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்வார். ஆராய்ச்சி நிலையத்தின் சுவர்களை இந்திய ஓவியர்களின் படைப்புகள் அணி செய்தன.

மறைவு

1966ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24ஆம் நாள், வியன்னாவில் நடைபெற இருந்த கூட்டத்திற்காகப் பாபா விமானத்தில் சென்றுகொண்டிருந்தார். அவ்விமானம் ஜெனிவாவை நெருங்கும்போது ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மான்ட் பிளாங்க் சிகரத்தில் மோதிச் சிதறியது. அதில் இருந்த 117 பேரும் உயிரிழந்தனர். பாபாவுக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. கோலாரின் வெற்றிச் செய்தி உலகிற்கு எட்டி ஆறு திங்கள்கூட நிறையவில்லை.

வளர்ந்த விதை

தலைவர் மறைந்தபின்னும் பணி நிற்கவில்லை. மேனன் டாட்டா நிலையத்தின் இயக்குநரானார். அவர்க்குப்பின் ஸ்ரீகண்டன் அப்பொறுப்பை ஏற்றார். 1980களில், அணுக்கருவில் உள்ள புரோட்டான் அழியக்கூடியதா என்பதை அறியும் பெருமுயற்சியும் கோலாரிலேயே நடைபெற்றது. ஆயின் பொன் அருகியது. சுரங்கத்தை நடத்தும் செலவு மிகுந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆய்வுகள் முடிவுற்றன. 2001இல் சுரங்கமும் மூடப்பட்டது. ஆய்வுக்கு இடம் தந்த ஆழம் கைவிட்டுப் போயிற்று.

கோலாரில் முதலில் பதிந்த அவ்வகை நியூட்ரினோக்களை ஜப்பானில் மலையடியில் அமைந்த ஆய்வகம் ஒன்று பின்னர்த் தொடர்ந்து ஆராய்ந்தது. அவற்றிற்கு எடை உண்டு என்பதை அது 1998இல் நிலைநாட்டியது. அதன் பொருட்டு 2015இல் நோபெல் பரிசும் கிடைத்தது. தமிழ்நாட்டில் தேனி மாவட்டப் பொட்டிபுரத்தை அடுத்த மலையின் அடியிலும் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. மலையின் அடியில் பக்கவாட்டில் குடைந்து சென்றால், மேலே நிற்கும் மலையே கவசமாகும் என்பது அதன் அடிப்படை. எனினும் மேற்குத் தொடர்ச்சி மலையின் காடும் நீரும் உயிரினங்களும் கெடுமோ என்று மக்கள் அஞ்சினர். 2022இல் தமிழ்நாடு அரசு தன் மறுப்பை உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அறிவைத் தேடும் ஆர்வமும் இயற்கையைக் காக்கும் கடமையும் ஒன்றையொன்று எதிர்ப்படும்போது, இரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பது குடிமக்களின் பொறுப்பாகும்.

இன்று ஆழத்தில் நடைபெறும் தேடல்களுள் தலையாயது கரும்பொருள் பற்றியது. அண்டத்தில் உள்ள பொருளில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாதது. அதன் ஈர்ப்பினால் மட்டுமே அஃது உண்டென்று அறியப்படுகிறது. இத்தாலியிலும் கனடாவிலும் சீனாவிலும் அமெரிக்காவிலும் மலைகளின் அடியிலும் சுரங்கங்களிலும் அதன் துகளை எதிர்நோக்கிக் கருவிகள் விழித்திருக்கின்றன. நம் நாட்டிலும் சார்க்கண்டு மாநிலத்து ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், 2017இல் ஓர் ஆய்வகம் திறக்கப்பட்டது. கரும்பொருளின் துகளை உறுதியாகக் கண்டவர் இதுவரை எவரும் இலர்.

ஆயினும் அத்தேடலில் ஈடுபட்டோர் சோர்வடையவில்லை. இரண்டு திங்கள் காத்திருந்தும் ஒன்றும் பதியாத கோலாரின் ஆழமே பின்னர் நியூட்ரினோவைக் காட்டிக்கொடுத்தது என்பதை அவர்கள் அறிவர். விரும்பிய துறைக்காகப் பொறுமையோடு உழைத்து, வாய்ப்பில்லாத நாட்டில் வாய்ப்பைத் தாமே உண்டாக்கி, இளைஞர்களை நம்பி அரிய பணிகளை ஒப்படைத்தவர் பாபா. அவர் காட்டிய வழியில் ஆழத்தை நோக்கிய அறிவின் பயணம் இன்றும் தொடர்கிறது.